தைராய்டு நார்மல்தான், ஆனாலும் எடை ஏறுகிறதே?

எடை கூடுவதைப் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: "எல்லா டெஸ்ட்டும் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை என்கிறார்கள்." எந்தச் சந்தேகத்துக்கு எந்தப் பரிசோதனை என்று முடிவு செய்யாமல் மொத்தமாக ரத்தம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். சிலருக்குக் காரணம் கையில் இருக்கும் மருந்துச் சீட்டிலேயே இருக்கிறது.

கேள்வி: வயது 36, உயரம் 158 செ.மீ. இரண்டு வருடத்தில் 61 கிலோவிலிருந்து 72 கிலோ ஆகிவிட்டேன். முழு உடல் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது ஏறும்) மட்டும் 4.6 என்று தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. தைராய்டு மாத்திரை போட்டால் எடை இறங்குமா? வேறு எந்த ஹார்மோன் டெஸ்ட் பாக்கி?

பதில்: தைராய்டு நன்றாகவே குறைந்துபோனவர்களுக்குக்கூட அதனால் மட்டும் ஏறும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோதான். அதிலும் பெரும்பகுதி கொழுப்பு அல்ல, உடலில் தங்கும் உப்பும் நீரும். 11 கிலோவுக்கு 4.6 என்ற அளவைக் குற்றவாளியாக்க முடியாது. எடை கூடியதாலேயே டி.எஸ்.எச். கொஞ்சம் மேலே போவதும் உண்டு. எடை இறங்கும்போது அதுவும் தானாக இறங்கும். இரண்டு மூன்று மாதம் கழித்து டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 இரண்டையும், கூடவே தைராய்டு ஆன்டிபாடியையும் பாருங்கள். முடி, நகத்துக்கென்று பயோட்டின் மாத்திரை எடுப்பவராக இருந்தால் ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். பல லேப் கருவிகளில் அது டி.எஸ்.எச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்; உண்மையில் குறைவாக இருக்கும் தைராய்டு, ரிப்போர்ட்டில் நார்மலாகத் தெரியும்.

பாக்கி இருப்பது ஹார்மோன் டெஸ்ட் அல்ல, ஒரு கால வரிசை. ஒரு தாளில் குறுக்கே கோடு போட்டு, இந்த இரண்டு வருடத்தில் எந்த மாதம் எவ்வளவு எடை என்று பழைய மருந்துச் சீட்டுகளைப் பார்த்துக் குறியுங்கள். கோட்டின் கீழே பிரசவம், புதிய மருந்து, வேலை நேர மாற்றம், தூக்கம் கெட்ட காலம், மூட்டு வலியால் நடை நின்றது, வீட்டில் ஒரு இழப்பு எல்லாவற்றையும் எழுதுங்கள். உங்கள் 11 கிலோவை இரண்டு வருட நாட்களால் வகுத்தால் நாளுக்குச் சராசரி 15 கிராம். எந்த எடை மெஷினும் காட்டாத அளவு. இப்படி மெதுவாக, சீராக ஏறியிருந்தால் ஹார்மோன் நோய் இருப்பது அரிது. மாறாக, கோடு ஒரு குறிப்பிட்ட மாதத்தில் சட்டென்று நிமிர்ந்தால் அந்த மாதத்தில் என்ன தொடங்கியது என்பதுதான் முதல் கேள்வி.

காரணம் தேடும் பரிசோதனை ஒன்று; எடை இதுவரை செய்த சேதத்தைத் தேடும் பரிசோதனை இன்னொன்று. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று சொல்லும் பி.எம்.ஐ. எண் உங்களுக்கு 28.8. உங்களுக்கு இரண்டாவதுதான் அதிக முக்கியம்: ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை அல்லது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி, கொழுப்பு அளவுகள், கல்லீரல் என்சைம்கள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ரத்த அணுக்கள். ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சியை மட்டும் நம்ப வேண்டாம்; இரும்புச்சத்துக் குறைவு அதை உயர்த்திக் காட்டும். பி.பி. பார்க்கும்போது பட்டையின் அளவைக் கவனியுங்கள். பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பி.பி. இருப்பதுபோல் வரும். குறட்டை, பகலில் கண் செருகுவது, காலையில் தலைவலி இருந்தால் தூக்கப் பரிசோதனையும் வேண்டும். தூக்கத்தில் மூச்சு அடைபட்டு அடைபட்டு எழுபவருக்கு, எடையைக் குறைக்கச் செய்யும் எல்லா முயற்சியும் இரட்டிப்புக் கடினம்.

லெப்டின், வெறும் வயிற்று இன்சுலின், ரிவர்ஸ் டி3, உணவு ஒவ்வாமை ஐஜிஜி பட்டியல் ஆகியவற்றுக்குச் செலவழிக்க வேண்டாம். முடிவு எப்படி வந்தாலும் உங்கள் சிகிச்சை மாறப்போவதில்லை.

கேள்வி: வயது 52, சர்க்கரை நோய் 7 வருடமாக. ஒரு வருடத்தில் 8 கிலோ ஏறியிருக்கிறது. சாப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லை. கிளிமிபிரைடு, அட்டெனலால், கால் எரிச்சலுக்கு பிரீகாபாலின், இரவில் அமிட்ரிப்டிலின் எடுக்கிறேன். சத்துக் குறைவோ?

பதில்: நீங்கள் எழுதிய நான்குமே எடையைக் கூட்டக்கூடிய மருந்துகள். எதையும் நாளைக் காலையில் நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு கணக்கு.

கிளிமிபிரைடு, ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்கவைக்கும். சர்க்கரை லேசாகத் தாழும்போதெல்லாம் கை நடுங்கும், எதையாவது வாயில் போடத் தோன்றும். பகல் 11 மணிக்கும் மாலை 5 மணிக்கும் தாங்க முடியாத பசி வருகிறதென்றால் அந்த நேரத்தில் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பாருங்கள். 70க்குக் கீழே வந்தால் அது மருந்து கொண்டுவந்த பசி. சர்க்கரைக்கான மற்ற மருந்துகளில் மெட்ஃபார்மின், எஸ்ஜிஎல்டி2 வகை, ஜிஎல்பி1 வகை ஆகியவை எடையைக் கூட்டுவதில்லை. பின்னிரண்டும் குறைக்கவும் செய்யும்.

பிரீகாபாலின் பசியைக் கூட்டும், பாதத்தில் நீரையும் கோக்கவைக்கும். அமிட்ரிப்டிலின் பசியைத் தூண்டுவதோடு வாயை உலர்த்தும். உலர்ந்த வாய்க்கு இனிப்பு பானம் தேடுகிறவர்கள் அதிகம். நரம்பு எரிச்சலுக்கு எடையை அவ்வளவாகத் தொடாத டுலாக்ஸடின் இருக்கிறது. உங்கள் கல்லீரல், சிறுநீரக நிலை பார்த்து டாக்டர் மாற்றலாம். பிரீகாபாலினை ஒரு வாரத்துக்குக் குறையாமல் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

அட்டெனலால் பெரும்பாலும் முதல் சில மாதங்களில் ஒன்றிரண்டு கிலோ ஏற்றிவிட்டு நின்றுவிடும். வெறும் ரத்த அழுத்தத்துக்காக மட்டும் என்றால் வேறு வகை மாத்திரை உண்டு. மாரடைப்புக்குப் பிறகு கொடுக்கப்பட்டது என்றால் அது இதயத்துக்குக் காவல்; அதற்காக ஒன்றிரண்டு கிலோவைப் பொறுத்துக்கொள்ளலாம். திடீரென நிறுத்தினால் நெஞ்சு வலியே வரலாம்.

டாக்டரிடம் போகும்போது பட்டியல் எழுதிப் போகாதீர்கள். வீட்டில் இருக்கும் எல்லா அட்டை, புட்டி, களிம்பு, இன்ஹேலர், லேகியம் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பட்டியலில் விட்டுப்போவது பையில் கிடைக்கும். முக்கியமாக இரண்டைத் தேட வேண்டும். ஒன்று, பசி எடுக்கவைக்கும் சைப்ரோஹெப்டடின். இன்னொன்று, மூட்டு வலிக்கோ ஆஸ்துமாவுக்கோ பெயரில்லாத பொட்டலத்தில் வரும் தூள், மாத்திரை. "போட்ட அன்றே வலி பறந்துவிட்டது, நன்றாகப் பசிக்கிறது" என்று சொன்னால் அதில் ஸ்டீராய்டு இருக்கலாம் என்றே சந்தேகப்பட வேண்டும். பல வாரம் எடுத்த ஸ்டீராய்டைச் சட்டென நிறுத்தினால் அட்ரீனல் சுரப்பி ஈடுகொடுக்க முடியாமல் பி.பி. விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். குப்பையில் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மனநல மருந்து எடுப்பவர்களுக்கும் ஒரு சொல். ஓலன்சபின், குளோசபின் எடையை வேகமாக ஏற்றும். தொடங்கும் நாளிலும், முதல் ஆறு வாரம் வாரத்துக்கு ஒருமுறையும் எடை பார்த்து எழுதுங்கள். முதல் மாதத்திலேயே 5 சதவீதத்துக்கு மேல் ஏறினால் காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்றலாம், மெட்ஃபார்மின் சேர்க்கலாம். நீங்களாக நிறுத்துவதில் வரும் ஆபத்து, எடையால் வரும் ஆபத்தைவிடப் பெரிது.

கேள்வி: என் கணவருக்கு 61 வயது, முன்பு மாரடைப்பு வந்தவர். ஐந்து நாளில் 3 கிலோ கூடியிருக்கிறார். செருப்பு இறுக்குகிறது. முழங்கால் வலிக்கு ஒரு வாரமாக வலி மாத்திரை எடுக்கிறார். உணவைக் குறைக்கச் சொல்லவா?

பதில்: இதைப் படித்த உடனே அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ஐந்து நாளில் ஏறும் 3 கிலோ கொழுப்பாக இருக்க வழியில்லை, அது நீர். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் மேல் கட்டைவிரலால் ஐந்து விநாடி அழுத்தி எடுங்கள். குழி அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டி இரண்டு தலையணை வைக்கிறாரா, இரவில் இருமுகிறாரா என்றும் கவனியுங்கள். வலி மாத்திரைகள் பல, சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கி, பலவீனமான இதயத்தின் மேல் சுமையேற்றும். அதை இன்றே நிறுத்துங்கள். எக்கோ (இதய ஸ்கேன்), இதயத்தின் சுமையைக் காட்டும் என்டி-புரோபிஎன்பி, கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், சிறுநீரில் புரதம் இவை பார்க்கப்படும். பிறகு தினமும் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, எதுவும் சாப்பிடும் முன் எடை பார்த்து எழுதட்டும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது.

கேள்வி: 29 வயது. வயிற்றில் கோடுகள், முகம் உருண்டையாகிவிட்டது. காலையில் எடுத்த கார்ட்டிசால் ஹார்மோன் அளவு மேல் எல்லையைத் தாண்டியிருக்கிறது. கருத்தடை மாத்திரை தவிர வேறு மருந்து இல்லை. மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமா?

பதில்: எம்.ஆர்.ஐ. இப்போது வேண்டாம். காரணத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

கருத்தடை மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரஜன், கார்ட்டிசாலைச் சுமக்கும் புரதத்தை ரத்தத்தில் கூட்டிவிடும். லேப் அளப்பது மொத்தக் கார்ட்டிசாலை. அதனால் அளவு உயர்ந்து வருகிறது. நோய் இருந்தும் இல்லாமலும் இப்படி வரும். அதுபோக, காலையில் எல்லோருக்குமே கார்ட்டிசால் உச்சத்தில் இருக்கும். கார்ட்டிசால் அளவுமீறிச் சுரக்கும் குஷிங் நோயில் கெட்டுப்போவது இரவில் அது அடங்க வேண்டிய ஒழுங்கு. காலை ஒற்றை அளவு இதற்கு உதவாது.

உடலைப் பாருங்கள். வெளிறிய, மெல்லிய கோடுகள் தோல் விரிந்ததால் வருபவை. ஒரு செ.மீ.க்கு மேல் அகலமான கத்தரிப்பூ நிறக் கோடுகள், லேசாக இடித்தாலே கன்றிப்போகும் தோல், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாத தொடைத் தளர்ச்சி: இவை குஷிங்கின் பக்கம் கை காட்டும். சருமத்தை வெளுக்கப் பூசும் களிம்பு, மூட்டில் போட்ட ஊசி, இன்ஹேலர் இவற்றில் ஸ்டீராய்டு இருந்ததா என்பதையும் முதலில் கேட்டுத் தெளிய வேண்டும்.

சந்தேகம் நின்றால், வேறு கருத்தடை முறைக்கு மாறி, மாத்திரையை நிறுத்தி ஆறு வாரம் கழித்து டெக்ஸாமெத்தசோன் பரிசோதனை: இந்த ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுத்தால் கார்ட்டிசால் அடங்குகிறதா என்று பார்ப்பது. இரவு 11க்கும் 12க்கும் இடையில் 1 மி.கி.; கையில் இருப்பது 0.5 மி.கி. மாத்திரை என்றால் இரண்டு. மறுநாள் காலை 8க்கும் 9க்கும் இடையில் ரத்தம். கார்ட்டிசால் டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் அடங்குகிறது, நல்லது. இந்தப் பரிசோதனை தவறுவது பெரும்பாலும் கடிகாரத்தால்தான்: சிலர் 9 மணிக்கே விழுங்கிவிட்டுத் தூங்குவார்கள், சிலர் 11 மணிக்கு ரத்தம் கொடுக்கப் போவார்கள். விழுங்கிய நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் லேப் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். பெனிட்டாயின், கார்பமாசெபின், ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு டெக்ஸாமெத்தசோன் வேகமாகக் கரைந்து, இல்லாத நோய் இருப்பதாகக் காட்டும்.

இதற்குப் பதிலாக நள்ளிரவு உமிழ்நீர்க் கார்ட்டிசாலை இரண்டு இரவுகள் பார்க்கலாம். இரவு ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு அது பொருந்தாது. 24 மணிநேரச் சிறுநீரும் இரண்டு முறை. காலை முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு, அதன்பின் வரும் ஒவ்வொரு துளியையும், மறுநாள் காலை முதல் சிறுநீர் உட்பட, கேனில் சேர்க்க வேண்டும். ஒரு முறை தவறிப்போனாலும் லேபில் சொல்லிவிட்டு வேறொரு நாள் புதிதாகத் தொடங்குங்கள்.

இரண்டு வகைப் பரிசோதனை உறுதிசெய்த பிறகே ஏசிடிஎச் (கார்ட்டிசாலைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்), அதன்பின் ஸ்கேன். ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவருக்கு, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு தீங்கும் செய்யாத சிறு முடிச்சு தென்படும். முதலிலேயே எம்.ஆர்.ஐ. எடுத்து அந்த முடிச்சைக் கண்டுவிட்டால், தேவையில்லாத அச்சமும், சில நேரம் தேவையில்லாத அறுவையும் பின்தொடரும்.

கேள்வி: என் மகனுக்கு 10 வயது, 148 செ.மீ., 54 கிலோ. கழுத்தெல்லாம் கறுப்பாகிவிட்டது, தேய்த்துக் குளிப்பாட்டியும் போகவில்லை. ஹார்மோன் கோளாறா?

பதில்: குழந்தைகளுக்கு எடைக்கு முன்னால் உயரத்தைப் பாருங்கள் அம்மா. ஹார்மோன் நோயால் எடை ஏறும் குழந்தை குட்டையாகவே நின்றுவிடும். வருடத்துக்கு 4 செ.மீ.கூட வளராது. உங்கள் மகன் தன் வயதுக்கு நல்ல உயரம். தைராய்டு, கார்ட்டிசால் கோளாறு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

கழுத்தில் இருப்பது அழுக்கு இல்லை. இன்சுலின் அதிகம் சுரப்பதால் தோல் தடித்துக் கறுக்கிறது. தேய்க்கத் தேய்க்கப் புண்ணாகுமே தவிர போகாது. பள்ளியில் யாராவது கேலி செய்தால் அவன் மனமும் புண்படும். தேய்ப்பதை நிறுத்திவிட்டுச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் ஏ.எல்.டி., தகுந்த பட்டையில் ரத்த அழுத்தம் பாருங்கள். முழங்கால் வலி என்றோ விந்தி நடந்தோ வந்தால் இடுப்புக்கும் எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். பருமனான பிள்ளைகளுக்குத் தொடை எலும்பின் தலை நழுவும்போது வலி முழங்காலில்தான் தெரியும். தாமதித்தால் இடுப்பு மூட்டு பாழாகும்.

இந்த வயதில் எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. 54இல் நிறுத்திவைத்தாலே, உயரம் வளர வளர விகிதம் தானாகச் சரியாகும். அவனுக்கு மட்டும் தனித் தட்டு வைக்காமல் வீடு முழுக்க ஒரே மாதிரிச் சாப்பிடுங்கள். எடை குறைக்கும் மருந்துகள் பொதுவாக 12 வயதுக்கு மேல்தான். 5 வயதுக்கு முன்பே அதிகம் பருத்து, சாப்பிட்டு எழுந்த உடனே உணவு தேடி அழும் குழந்தைக்கு மட்டும் மரபணுப் பரிசோதனை கேட்க வேண்டும். அப்படிப்பட்ட சில குறைகளுக்கு 2020 முதல் செட்மெலனோடைடு என்ற ஊசி இருக்கிறது.

கேள்வி: என் பி.எம்.ஐ. 24தான். 48 வயது, 170 செ.மீ., 70 கிலோ, இடுப்பு 98 செ.மீ. ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் என்கிறார்கள். ஒல்லியானவனுக்கு எப்படி? கல்லீரல் என்சைம்கள் ஏ.எஸ்.டி. 44, ஏ.எல்.டி. 64, ரத்தத் தட்டணு 2.2 லட்சம்.

பதில்: பி.எம்.ஐ.க்குக் கொழுப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆசிய உடல்வாகுக்கு 23லிருந்தே எச்சரிக்கை தொடங்குகிறது. இடுப்பு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. உயரத்தில் பாதிக்குள் இடுப்பு இருக்க வேண்டும் என்பது இன்னும் எளிய கணக்கு. உங்களுக்கு அது 85. பேண்ட் கட்டும் இடத்தில் அளக்காதீர்கள், தொப்பைக்குக் கீழே இறங்கிய பேண்ட் பொய் சொல்லும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், வயிற்றை எக்காமல் டேப்பைச் சுற்றுங்கள்.

இனிக் கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்ற கேள்வி. உங்கள் எண்களை வைத்தே, தழும்பை மதிப்பிடும் ஃபிப்-4 எண்ணைக் கணக்கிடலாம். வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்கினால் 2112. ஏ.எல்.டி.யின் வர்க்கமூலம் 8. தட்டணு 2.2 லட்சம் என்பது 220 ஆயிரம்; அந்த 220ஆல் 8ஐப் பெருக்கினால் 1760. 2112ஐ 1760ஆல் வகுக்க 1.2. இது 1.3க்குக் கீழே இருப்பதால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67ஐத் தாண்டினால் கல்லீரல் நிபுணர், இடைப்பட்டால் ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஸ்கேன்). சர்க்கரையும் கொழுப்பும் பார்த்துவிடுங்கள், மது இருந்தால் விடுங்கள். 5 கிலோ குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு கண்கூடாக இறங்கும்.

கேள்வி: வயது 24. மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை; முகத்தில் முடி. நீர்க்கட்டி என்று சொல்லி "எடையைக் குறை" என்று மட்டும் அனுப்பிவிட்டார்கள்.

பதில்: அது பாதிச் சிகிச்சைதான். ஒழுங்கற்ற மாதவிலக்கும் ஆண் ஹார்மோன் அறிகுறியும் சேர்ந்தே இருப்பதால், பி.சி.ஓ.எஸ். எனப்படும் இந்த நீர்க்கட்டிப் பிரச்சினைதான் என்று சொல்ல உங்களுக்கு ஸ்கேனே தேவையில்லை. ஆனால் அதே தோற்றத்தில் வரும் மற்றவற்றை விலக்க டி.எஸ்.எச்., புரோலாக்டின், 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்ட்ரோன், டெஸ்டோஸ்டிரோன் வேண்டும். சர்க்கரைக்கு வெறும் வயிற்று அளவு போதாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணிநேரம் கழித்துப் பார்க்க வேண்டும்.

90 நாளுக்கு மேல் மாதவிலக்கு வராமல் விடக்கூடாது. கருப்பை உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும். அதை உதிர்க்க மாத்திரை உண்டு, கேட்டு வாங்குங்கள். மெட்ஃபார்மின் சர்க்கரைக்கு உதவும், எடையில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 500 மி.கி.யில், சாப்பாட்டுடன், மெதுவாக ஏற்றினால் வயிறு கெடாது. எடையில் 5 சதவீதம் இறங்கினாலே பலருக்குச் சுழற்சி திரும்புகிறது. அப்போது கருவும் உருவாகலாம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: தைராய்டு நார்மலாக இருந்தாலும் எடை குறைய தைராக்சின் எடுக்கலாமா? நீர் மாத்திரை?

பதில்: இரண்டும் கூடாது. தேவையில்லாத தைராக்சின் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும், எலும்பையும் தசையையும் கரைக்கும். நீர் மாத்திரை கொழுப்பில் ஒரு கிராம்கூட எடுக்காது, பொட்டாசியத்தை எடுத்துவிடும்.

கேள்வி: 44 வயது, பி.எம்.ஐ. 33. நண்பர் வார ஊசியில் 15 கிலோ குறைந்தார். அவர் போடும் பெரிய டோஸையே நானும் போடலாமா? எத்தனை மாதத்தில் நிறுத்தலாம்?

பதில்: கூடாது. இந்த ஊசிகளில் நடக்கும் விபரீதங்களில் பெரும்பகுதி படியைத் தாண்டுவதால் வருவதுதான். எடைக்கான வார ஊசிகளில் ஒன்றான செமாக்ளூடைடு வாரம் 0.25 மி.கி.யில் தொடங்கும். நான்கு வாரத்துக்கு ஒரு படி: 0.5, 1, 1.7, கடைசியாக 2.4. இன்னொன்றான டிர்செபடைடு 2.5 மி.கி.யில் தொடங்கி, நான்கு வாரத்துக்குக் குறையாத இடைவெளியில் 2.5 வீதம் ஏறி, அதிகபட்சம் 15. தொடக்க டோஸ் எடை குறைப்பதற்கே அல்ல, குடலைப் பழக்குவதற்கு. குமட்டல் அடங்காவிட்டால் அதே படியில் இன்னும் ஒரு மாதம் நிற்பதில் எந்த நஷ்டமும் இல்லை. 2021இல் வெளிவந்த ஸ்டெப் 1 ஆய்வில் 68 வாரத்தில் செமாக்ளூடைடு எடுத்தவர்களுக்குச் சராசரி 14.9 சதவீதமும், மருந்தில்லாத வெற்று ஊசி எடுத்தவர்களுக்கு 2.4 சதவீதமும் எடை குறைந்தது. 2022இல் வந்த சர்மவுன்ட் 1 ஆய்வில் 15 மி.கி. டிர்செபடைடுக்கு 72 வாரத்தில் 20.9 சதவீதம். சராசரி என்றால் சிலருக்கு மிகக் குறைவாகவும் இருந்தது என்று பொருள். நண்பரின் 15 கிலோ உங்களுக்கான வாக்குறுதி இல்லை.

யார் தொடவே கூடாது: மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் தனக்கோ ரத்த உறவிலோ இருந்தவர்கள், கர்ப்பிணிகள். கர்ப்பம் திட்டமிடுபவர்கள் செமாக்ளூடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். தொடங்கிய நான்கு வாரமும், ஒவ்வொரு படி ஏறிய பின் நான்கு வாரமும் ஆணுறை சேர்க்க வேண்டும். கணைய அழற்சி வந்தவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர்களுக்கு அவற்றின் அளவை முன்கூட்டியே குறைக்க வேண்டும், கண் விழித்திரையையும் பார்த்துவிட வேண்டும்.

ஊசி போட்ட பிறகு வயிறு மெதுவாகக் காலியாகும். பழைய வேகத்தில், பழைய அளவில் சாப்பிட்டால் வாந்திதான். சின்னத் தட்டில் எடுத்து, முதல் நிறைவு தெரிந்ததும் எழுந்துவிடுங்கள். எண்ணெய் மிகுந்ததை ஊசி போட்ட இரண்டு மூன்று நாளாவது தவிருங்கள். வாந்தி நிற்காமல் சிறுநீர் குறைந்தால் சிறுநீரகம் பாதிக்கும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஓடும் கடும் வலி வந்தால் அடுத்த ஊசியைப் போடாமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கணையமோ பித்தப்பைக் கல்லோ இருக்கலாம். ஏதாவது அறுவை, எண்டோஸ்கோபி என்றால் மயக்க மருத்துவரிடம் இந்த ஊசியைக் கட்டாயம் சொல்லுங்கள். வயிற்றில் மிச்சமிருக்கும் உணவு மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகக்கூடும்.

இறங்கும் எடையில் ஒரு பங்கு தசை. புரதம் குறையாமல் சாப்பிட்டு, வாரம் இரண்டு நாளாவது எடை தூக்கும் பயிற்சி செய்யாவிட்டால், மெலிந்தும் தளர்ந்துபோவீர்கள்.

நிறுத்துவது பற்றி: ஸ்டெப் 1 முடிந்து ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஒரே வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அது அவர்கள் மனவுறுதிக் குறைவு இல்லை. இழந்த கொழுப்பை மீட்கப் பசியைக் கூட்டி, சக்திச் செலவைச் சுருக்குவது உடலின் இயல்பு. பி.பி. மாத்திரையைப் போல நீண்டகால மருந்து என்று எண்ணித் தொடங்குங்கள். உங்களால் தாங்க முடிந்த உச்ச டோஸில் மூன்று மாதம் இருந்தும் 5 சதவீதம்கூட இறங்கவில்லை என்றால் தொடர்வதில் பொருளில்லை, வேறு வழி பேச வேண்டும்.

கேள்வி: பி.எம்.ஐ. 41, சர்க்கரை நோய், எந்நேரமும் நெஞ்செரிச்சல். எடை குறைக்க ஸ்லீவ் என்ற இரைப்பை அறுவை சொல்கிறார்கள். இரைப்பை பைபாஸ் நல்லதா?

பதில்: உங்கள் நெஞ்செரிச்சல்தான் இதை முடிவு செய்ய வேண்டும். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீக்கி ஒரு குழாயாக்குகிறார்கள். குழாய்க்குள் அழுத்தம் கூடுவதால் பலருக்கு அமிலம் மேலேறுவது அதிகமாகிறது. பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியைச் சுமார் 30 மி.லி. கொள்ளும் சிறு பையாக்கி, அதைச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். அமிலம் மேலே வர வழி குறைவு, சர்க்கரையும் நன்றாக அடங்கும். எண்டோஸ்கோபி பார்க்காமல் ஸ்லீவுக்குச் சம்மதிக்க வேண்டாம். ஹெச்.பைலோரி கிருமி இருந்தால் முதலில் அதை ஒழித்துவிட வேண்டும். புகைப்பவரானால் குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். அறுவைக்கு முன் இரண்டு வாரம் தரும் குறைகலோரி உணவு கல்லீரலைச் சுருக்குவதற்காக. அதை ஏமாற்றினால் வீங்கிய கல்லீரல் சர்ஜனின் பார்வையை மறைக்கும்.

பைபாஸுக்குப் பிறகு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் ஆயுளுக்கும் ஆகாது, இணைப்பில் புண் வரும். பி12, இரும்பு, கால்சியம் சிட்ரேட், வைட்டமின் டி, மல்டிவிட்டமின் ஆயுள் முழுக்க. நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம். பெண்கள் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

இதை வீட்டில் எல்லோரும் படித்துவையுங்கள். அறுவைக்குப் பின் சில வாரங்களில் வாந்தி நாள்கணக்கில் நிற்காமல், நடை தள்ளாடி, பார்வை இரண்டாகத் தெரிந்து, பேச்சு குழம்பினால் அது தயாமின் என்ற வைட்டமின் பி1 தீர்ந்துபோன நிலை. அவசரப் பிரிவில் களைப்பு என்று நினைத்து நேராகக் குளுக்கோஸ் ஏற்றினால், மிச்சமிருக்கும் தயாமினும் செலவாகி மூளை நிரந்தரமாகப் பழுதடையலாம். "எடைக் குறைப்பு அறுவை செய்தவர், முதலில் தயாமின் ஊசி போடுங்கள்" என்று கூட வந்தவர் சொல்ல வேண்டும். அந்த வாசகத்தை ஒரு சீட்டில் எழுதி, அறுவை செய்த தேதியோடு பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.